குசுமாவதியின் மஞ்சள் மீன்

பெலேனவுக்குப் போய்க் குசுமாவதியின் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் சட்டென்று விளங்காது. மீனோடு பேசுகிற வீடு என்று கேளுங்கள், ஐஸ் விற்கிறவன்கூடக் கையை நீட்டிக் காட்டுவான். அந்த வீட்டில் ஒரு காலத்தில் மீனோடு பேசியது உண்மைதான். இப்போது அங்கே மீன் என்று ஒன்று இல்லை. ஊர் வாய்க்கு அது இன்னும் எட்டவில்லை. எட்டாமல் இருப்பதே நல்லது.

குசுமாவதி பிறந்தது மாத்தறைப் பக்கம் மதிஹாவில். தென்னை மட்டை அடித்துக் கயிறு திரிக்கிற குடும்பம். மட்டை ஊறும் குழியின் நாற்றம் சகிக்காமல் கிளம்பியவள், வெலிகமையில் ஒரு மீன் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். கறிக்கு விற்கிற மீன் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வைக்கிற மீன். முக்குளித்துப் பிடித்து வருவது ஆண்களின் வேலை. அதைப் பையில் விட்டு, கொஞ்சம் கடல் தண்ணீரும் நிறையக் காற்றும் அடைத்து, ரப்பர் வளையத்தால் வாயை இறுக்குவது பெண்களின் வேலை. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். பைக்குள் ஒரு மீன் சரிந்து விழுந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பௌர்ணமிப் போயா தவறாமல் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய், மாலைவரை அங்கேயே சில் என்கிற நோன்பு எடுக்கிறவள். கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவாள்.

பியதிஸ்ஸ அந்தக் கொட்டகைக்கு மீன் கொண்டுவந்த முக்குளிப்புக்காரர். அகன்ற நெஞ்சு, குறைந்த பேச்சு, பிடித்ததை விடாத குணம். மீனை மட்டும் சொல்லவில்லை. ஓடாத ரேடியோ, கம்பி துருத்திய குடை, யாரோ எப்போதோ கொடுத்த சைக்கிள் மணி, எதையும் வீட்டை விட்டு வெளியே போகவிடமாட்டார். மகள் நில்மினியைக் குருநாகலில் கட்டிக் கொடுத்தபோது, பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்தபடி கூடவே ஓடிய மனுஷன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள்.

"உங்களுக்கு எதையும் புடிக்கத்தான் தெரியுது, விடத் தெரியல" என்பாள் குசுமாவதி.

"விடறதுக்கா புடிச்சேன்? உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

"பாவம் சேருது. எத்தன உயிரு!"

"கொன்னாத்தான்டி பாவம். நான் உயிரோடதானே புடிக்கிறேன்!"

கல்யாணமான நாள் தொட்டு நடந்த சண்டை இது. இரண்டு பேருக்கும் இது இல்லாமல் பொழுது போகாது. அவள் அவரைத் திட்டிக்கொண்டே அவர் தலையைத் துவட்டிவிடுவாள். அவர் இல்லாத வீட்டில் ஒரு ராத்திரி தனியாகப் படுத்ததில்லை. அவ்வளவு ஒட்டுதல்.

ஆயுசு முழுக்கப் பிடித்துக் கொடுத்தவர் வயசான காலத்தில்தான் தனக்கென்று ஒரு சோடி வைத்துக்கொண்டார். உள்ளங்கை அகலத்தில் இரண்டு வண்ணத்துப்பூச்சி மீன்கள். மஞ்சள் உடம்பு, நீட்டிய மூக்கு. நிஜக் கண்ணை ஒரு கறுப்புப் பட்டை மறைத்திருக்கும். வால் பக்கம் கண்ணைப்போல ஒரு கறுப்புப் பொட்டு. வாலா தலையா, போகிறதா வருகிறதா என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் குழம்பிப்போகும். ஒன்றின் துடுப்பு கிழிந்திருந்ததால் கொட்டகையில் அதைக் கழித்துவிட்டார்கள். இந்த மீன்கள் சோடியாகவே திரிகிறவை. ஒன்றை அனுப்பினால் மற்றது தின்னாமல் கிடந்து சாகும் என்று பியதிஸ்ஸ இரண்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்தார். முன்னறையில் தொலைக்காட்சி இருந்த மேசையைக் காலி செய்து, தானே கண்ணாடி ஒட்டித் தொட்டி கட்டினார். கூடவே இரண்டு மூன்று நீலக் குஞ்சு மீன்களும் ஒரு செவ்விறாலும் விட்டார். வண்ணத்துப்பூச்சி மீனை வீட்டில் வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தண்ணீர் கொஞ்சம் பிசகினால் முகம் வாடும், தீனி மாறினால் வாயைத் திறக்காது. பியதிஸ்ஸ மட்டியை நசுக்கி ஓட்டிலேயே அப்பி உள்ளே இறக்கினால் மட்டும் வந்து கொத்தும். குசுமாவதி போட்டால் மூக்கைத் திருப்பிக்கொண்டு கல்லிடுக்கில் போய் நிற்கும்.

"பொண்டாட்டிய விட ரோஷம்" என்பார் அவர்.

வைகாசிப் பௌர்ணமி வெசாக் முடிந்த கையோடு கடல் கறுக்கத் தொடங்கியது. தென்மேல் காற்று வந்துவிட்டால் ஐந்தாறு மாதம் ஒருவரும் முக்குளிக்க முடியாது. கடைசியாக ஒரு தடவை என்று இறங்கிய பியதிஸ்ஸ, மீன் எதுவும் இல்லாமல் ஒரு கல்லோடு திரும்பினார். பலாக்காய் பருமன், உடம்பெல்லாம் ஓட்டை, செத்துப்போன பழைய பவளக்கல்.

"வீட்டுல கல்லுக்குப் பஞ்சமா?" என்றாள் அவள்.

"மீனுக்கு ஒளிஞ்சுக்க ஒரு வீடு வேணாமா? நீ போய் பிளேன்டீ போடு."

அவள் தேநீரோடு வந்தபோது கல் தொட்டிக்குள் இருந்தது. பியதிஸ்ஸ தொட்டிக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை கை ஈரமாக இருந்தது. கூப்பிட்டாள், பதில் இல்லை. தோளைத் தொட்டாள், சரிந்தார். நெஞ்சு நின்று போயிருந்தது.

ஏழாம் நாள் தானம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகுதான் அது நடந்தது. ஏழு நாளாகப் பட்டினி கிடந்த மீன்கள் சாகட்டுமா பிழைக்கட்டுமா என்று நின்றன. குசுமாவதி மட்டி ஓட்டைக் கையில் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டாள். துடுப்புக் கிழிந்த மீன் நேராக அவள் கைக்கு வந்தது. மட்டியைக் கொத்தவில்லை. அவளுடைய மோதிர விரலைச் சுற்றி ஒரு முறை வந்து, விரல் நுனியை மெல்லக் கொத்திவிட்டு, அப்புறம்தான் தின்றது.

பக்கத்து வீட்டு லீலாவதி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மோப்பத்திலேயே சொல்லக்கூடியவள்.

"அனே குசும்! பாத்தியா, பாத்தியா! மனுஷன் போகலடி. ஆச விடல. இங்கதான் வந்து பொறந்திருக்கார்."

"என்ன அக்கே உளர்றீங்க!"

"எங்க மாமா செத்து நாயாப் பொறந்து வீட்டையே சுத்திச்சே, மறந்துட்டியா? அந்த நாய் எங்க மாமி போட்டாத்தான் திங்கும். இவரு வாழ்நாள் பூரா மீனத்தானே நெனச்சாரு? நெனச்சதுலதான் போய் விழுவாங்க."

குசுமாவதி மறுத்துப் பேசவில்லை. மறுக்க மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். அவர் எங்கே போனார் என்ற கேள்வி ஏழு நாளாக அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது, இதோ இருக்கிறார் என்று ஒருத்தி கையைக் காட்டுகிறாள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். கடல் அடங்கும்வரை இந்த மீனை உயிரோடு காப்பாற்ற வேண்டும். மூன்றாம் மாத தானத்தின் புண்ணியத்தை அவர் பேரில் கொடுத்துவிட்டு, பிடித்த பவளப் பாரிலேயே கொண்டுபோய் விட வேண்டும். பிடிக்க மட்டும் தெரிந்த மனுஷனை, விடத் தெரிந்த ஒருத்தி விடுவித்துவிடுவாள். அதற்குள் மீன் இந்தக் கண்ணாடிக் கூட்டில் செத்தால் இன்னொரு பிறவியும் இதே மாதிரி அடைபட்டுத்தான் போகும்.

பியதிஸ்ஸவின் தம்பி விமலே உதவிக்கு வந்தான். அவனும் முக்குளிப்புக்காரன்தான், மீன் அடைக்கிற சின்னக் கொட்டகை ஒன்று அவனுக்கும் உண்டு. மழையில் பொல்வத்தை ஆறு பெருகிக் கரையோரத் தண்ணீர் உப்புச் செத்துவிடும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் மீன் மாலைக்குள் மல்லாந்துவிடும். ஆகவே மிரிஸ்ஸவில் கரை சேருகிற பெரிய படகுகளிடம் சொல்லிவைத்து, ஆழ்கடல் தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து கொடுத்தான். குசுமாவதி ஒவ்வொரு கேனையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஊற்றுவாள். உயிருள்ள மட்டியை அவள் கையால் திறக்கமாட்டாள் என்பதால், ஐஸ் பெட்டியில் வைத்து ஏற்கெனவே செத்ததாகப் பார்த்து வாங்கி வருவான். போயா அன்று அதுவும் கிடையாது.

"என்ன அக்கே, அண்ணனுக்கும் சேத்து சில் எடுத்து வெச்சிட்டீங்களா? பகல் சாப்பாடு இல்லையா பாவம்?"

"வாய மூடு மல்லி. ஒரு நாள் வயித்தக் காயப்போட்டா ஒண்ணும் ஆகாது. உயிரோட இருக்கும்போதுதான் எடுக்கல."

"எனக்கு என்னவோ அண்ணன் இவ்வளவு அழகாப் பொறந்திருப்பார்னு நம்பிக்கை இல்ல."

மல்லி என்று அவள் கொழுந்தனைக் கூப்பிடுவது தம்பி என்கிற அர்த்தத்தில். அவனும் அவளை அக்கே என்றுதான் சொல்வான். அந்தக் கேலியில் அன்றைக்கு அவளும் சிரித்துவிட்டாள்.

மாலையில் விளக்கேற்றி, புத்தர் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் பாயைப் போட்டு உட்காருவாள். தேங்காய் விலையிலிருந்து நில்மினியின் மாமியார் வரை அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுவாள். துடுப்புக் கிழிந்த மீன் கண்ணாடியோரம் வந்து நிற்கும். கண் இருக்கிற பக்கமா, பொட்டு இருக்கிற பக்கமா, எதனால் அது தன்னைப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு பக்கத்தால் பார்க்கிறது, அது போதும் என்று இருந்தாள்.

முதலில் காணாமல்போனது செவ்விறால். ஓடு கழற்றி ஒளிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு நீலக் குஞ்சுகள், ஒவ்வொரு காலையிலும் ஒன்று குறைந்தது. தொட்டிக்கு மூடி உண்டு, மூடிமேல் அம்மிக்குழவி உண்டு. பூனை வர வழியில்லை. செத்திருந்தால் உடம்பு மிதக்க வேண்டும், ஒரு முள்ளாவது கிடக்க வேண்டும். ஒன்றும் இல்லை. தண்ணீர் தெளிவாக, மணல் வாரிவிட்டதுபோல் ஒழுங்காக இருந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். டக்… டக். யாரோ நகத்தால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். அவள் பேசும்போது கேட்காது. பேச்சை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் கேட்கும். "என்ன?" என்று கேட்டால் நின்றுவிடும். மறுபடி பேச ஆரம்பித்தால் நிம்மதியாக இருக்கும். கேட்கிறவர் மேலே சொல்லு என்று சொல்லுகிற மாதிரிப் பட்டது அவளுக்கு.

"கொட்டகையில இப்படி ஒரு சத்தமும் கேட்டதில்ல மல்லி. மீன் கூடத் தட்டுமா?"

"காத்து மோட்டர் பழசாயிடுச்சு. நீங்க தனியா இருந்து இருந்து என்னென்னமோ கேக்குது."

ஒரு காலையில் சோடியில் ஒன்று இல்லை.

குசுமாவதி தொட்டியைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். மஞ்சள் தெரிகிறது, ஒன்றே ஒன்று. கிழிந்த துடுப்பா, முழுத் துடுப்பா? ஒருவழியாகக் கிட்டப்போய்ப் பார்த்தாள். இருந்தது கிழிந்த துடுப்பு. "அனே, இருக்கீங்களா!" என்று கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த மீனோ கல்லிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி, மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றது. விளக்கணைத்த பிறகு இந்த மீன்கள் நிறம் மங்கிக் கறுப்புப் படரும், கொட்டகையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இது பட்டப்பகலில் கறுத்துப்போய் நின்றது. தீனிக்கு வரவில்லை. விரலுக்கும் வரவில்லை. கல்லுக்கு ஒரு புறத்தைக் காட்டிக்கொண்டே நின்றது. அது கண்ணா பொட்டா என்று அவள் குனிந்து பார்த்தாள். கண்தான். இமைக்கத் தெரியாத அந்தக் கண் கல்லைவிட்டு நகரவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் படுக்கையை முன்னறைக்கு மாற்றினாள். தானம் வருகிறவரை மீன் தாங்க வேண்டுமே என்பது ஒன்றுதான் அவள் வேண்டுதல். தாங்கியது. எலும்பும் தோலுமாக, மூலையை விட்டு நகராமல் தாங்கியது.

மூன்றாம் மாத தானத்துக்குக் காவி உடுத்த ஹாமதுருமார் ஐந்து பேர் விகாரையிலிருந்து வந்தார்கள். நில்மினியும் வந்து சமைத்துக் கொடுத்தாள். பியதிஸ்ஸவுக்குப் பிடித்த அம்புல் தியல் மீன் கறியையும் சோற்றையும் ஒரு தட்டில் வைத்து வேலியோரம் வைத்தார்கள். கிண்ணத்தில் நீர் வார்த்துப் புண்ணியம் கொடுத்தாயிற்று. கிளம்புகிற நேரத்தில் குசுமாவதி பெரிய ஹாமதுருவைக் கும்பிட்டு, தொட்டிப் பக்கம் ஒரு பிரித் ஓதிவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டாள். காரணம் சொல்ல அவளுக்குக் கூச்சம். லீலாவதிக்கு ஏது கூச்சம்?

"பியதிஸ்ஸ மகத்தயா இந்த மீனாப் பொறந்திருக்கார் ஹாமதுருவனே! கடல் அடங்கினதும் கொண்டுபோய் விடப் போறா."

பெரிய ஹாமதுரு குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். வயசானவர், நகைச்சுவைக்காரர்.

"இந்த மீன் எப்ப இருந்து இங்க இருக்கு உபாசகம்மா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும் ஹாமதுருவனே. அவர்தான் கொண்டுவந்தார்."

"அவர் தவறினது?"

"வெசாக்குக்குப் பிறகு."

"அப்போ அவர் உயிரோட நடமாடிக்கிட்டு இருக்கும்போதே, மீனாவும் பொறந்து இங்கேயும் நீந்திக்கிட்டு இருந்தாரா? ரெண்டு இடத்துலயும் சம்பளம் வாங்கியிருக்காரே!"

எல்லோரும் சிரித்தார்கள். நில்மினி சிரித்தாள், விமலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், லீலாவதிகூட அசடு வழியச் சிரித்தாள். குசுமாவதியும் சிரித்தாள். சிரித்தபடியே தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு பச்சையான கணக்கு! மூன்று மாதமாக ஒருவருக்கும் தோன்றவில்லையே. கண்ணாடிக்குள் இருந்தது வெறும் மீன். அப்படியென்றால் இத்தனை நாள் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது யார்?

அன்று பொழுது சாய்கிற நேரம். நில்மினியைக் குருநாகல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பியவள் விளக்கைப் போட்டாள். போட்ட கையோடு கரண்ட் போனது. காற்று மோட்டர் நின்றதும் வீட்டுக்குள் காதை அடைக்கிற அமைதி. அந்த அமைதியில் டக் என்றது.

வெசாக் விளக்குக் கூடு கட்டி மீந்த சிவப்புத் தாள் மேசையில் இருந்தது. டார்ச்சில் வெறும் வெளிச்சம் அடித்தால் மீன் மிரளும் என்று அந்தத் தாளைச் சுற்றிப் பிடித்தாள். தொட்டி முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. மீன் மூலையில் இருந்தது. கல்லும் இருந்தது. கல்லின் ஒரு ஓட்டையில் ஏதோ அசைந்தது.

முதலில் ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து. ஐந்து விரல்கள். வரிவரியாக, நுனி மெலிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக மடங்கி நிமிர்ந்தது. கல்லுக்குள் இருந்து ஒருவர் கையை நீட்டித் துழாவுவதுபோல அந்த ஐந்தும் ஓட்டையின் விளிம்பைத் தடவின. பின்னால் உடம்பு வந்தது. விரல் பருமனில் தொடங்கி வந்துகொண்டே இருந்தது. டார்ச்சைச் சுற்றிய சிவப்புத் தாள் கொஞ்சம் நழுவ, அந்த உடம்பில் மயில் கழுத்தின் நிறமெல்லாம் ஓடி மறைந்தது. இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் போன்ற மயிர்கள். தலையைத் தாழ்த்தி அது கண்ணாடியில் மோதியது. டக்.

மீன் இருந்த மூலையை நோக்கி அது மணலைத் தொட்டும் தொடாமலும் நீண்டது. குசுமாவதி வாயைத் திறந்தாள். கத்த வேண்டும், கத்த வரவில்லை. வந்தது வேறு வார்த்தை.

"நில்மினியோட அப்பா?"

அது நின்றது. ஐந்து விரலும் நிமிர்ந்து, மீனை விட்டுவிட்டு, அவள் குரல் வந்த பக்கம் திரும்பின. கண்ணாடிக்கு இந்தப் புறம் அவள் முகம், அந்தப் புறம் அது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கரண்ட் வந்து விளக்கு பளிச்சென்று எரிந்ததும் கல்லுக்குள் இழுபட்டுப் போனது, ஒரு நொடியில்.

காலையில் விமலே கொதிநீர்க் கேத்தலோடும் நீளக் கொக்கியோடும் வந்து நின்றான். அவள்தான் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தாள், பயத்தில்.

"கல்லுப் புழு அக்கே. பார்ல எங்களுக்கே பயம். கல்லுக்குள்ளயே குடியிருந்து வர்ற மீனை இழுத்துக்கும். அண்ணன் அன்னிக்குக் கொண்டுவந்தாரே, அந்தக் கல்லோட வந்திருக்கு. தள்ளுங்க, ஓட்டைக்குள்ள வெந்நீ ஊத்திடறேன்."

"அன்னிக்குத்தானே வந்துச்சு?" என்றாள் குசுமாவதி.

"அன்னிக்குத்தான்."

"அவர் போன அன்னிக்கு. கைய உள்ள விட்டு அந்தக் கல்ல வெச்சாரு. நான் பிளேன்டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள…"

விமலே கேத்தலைக் கீழே வைத்தான்.

"அக்கே, வேணாம். அந்த நெனப்பே வேணாம். இந்த நீளத்துக்கு வளர எத்தன வருஷம் ஆகும் தெரியுமா? என் வயசு இருக்கும் அதுக்கு. மீனுக்குச் சொன்ன அதே கணக்குத்தானே இதுக்கும்? வேணும்னா வாங்க, பெரிய ஹாமதுருகிட்டயே போய்க் கேப்போம்."

"யார்கிட்டயும் கேக்க வேணாம்."

"அது மீனத் தின்னுற ஜந்து!"

"அவரும் மீன் புடிச்சவர்தான்" என்றாள் அவள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "கேத்தல எடுத்துக்கிட்டுப் போ. இந்த மீன வேணும்னா கொண்டுபோய் உன் கொட்டகையில வை. பாவம், பயந்து கெடக்கு."

அவளோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். மீனைப் பையில் எடுத்தான். மூன்று மாதமாகப் பொத்திப் பொத்தி வளர்த்ததை அவன் தூக்கிக்கொண்டு போனபோது குசுமாவதி வாசல்வரைகூட வரவில்லை. கொட்டகைக்குப் போன இரண்டொரு நாளில் மீன் தின்ன ஆரம்பித்தது. மஞ்சள் திரும்பியது. அதைச் சொல்லப் போனால், "அப்படியா" என்றதோடு சரி.

மீனில்லாத தொட்டிக்கு அவள் முன்பைவிட அதிகம் பாடுபட்டாள். தண்ணீர் மாற்றினாள், மட்டி போட்டாள். மாலையானால் கதவைச் சாத்திவிடுவாள். லீலாவதி தட்டினாலும் திறப்பதில்லை. உள்ளே இருந்து பேச்சுச் சத்தம் மட்டும் வரும். சில நாள் சண்டை போடுகிறாள், சில நாள் சிரிக்கிறாள் என்று லீலாவதி சொல்லித் திரிந்தாள். போயா நாளில் விகாரையில் குசுமாவதியின் பாய் காலியாகக் கிடந்தது. மாலைக்குள் வீடு திரும்ப முடியாதே என்பதுதான் அவள் சொன்ன சாக்கு. விமலே கேன் வைக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பான். அவள் வலது கை விரல்களில் துணி சுற்றியிருக்கும். தேங்காய் திருவும்போது பட்டது என்பாள்.

ஐப்பசி பிறந்து கடல் தெளிந்தது. பாரின் மேலே தண்ணீர் கண்ணாடியாக நின்றது. விமலே முதல் வேலையாகப் பெரிய வாளி ஒன்றோடு அவள் வீட்டுக்கு வந்தான். இதோடு இந்தக் கரைச்சல் தீர்ந்தது என்று அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"கடல் அடங்கிடுச்சு அக்கே. கல்ல அப்படியே வாளியில வெச்சு, எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வெச்சிடறேன். ஒரு கீறல் விழாது. நீங்க நெனச்ச மாதிரியே விட்டுடலாம். அண்ணன்னே வெச்சுக்குங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. அவரும் நிம்மதியாப் போகட்டும்."

குசுமாவதி தொட்டிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் மெலிந்திருந்தாள். தொட்டிக்குள் கல்லைச் சுற்றி மணல் மேடுபட்டு, முன்பு ஒரு ஓட்டை இருந்த இடத்தில் இப்போது கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"விடத்தான் நெனச்சேன் மல்லி" என்றாள். "மீனா இருந்தப்போ விட்டுடுவேன்னு சத்தியமா நெனச்சேன். இப்ப முடியல. தனியா என்னால இருக்க முடியல. இன்னும் கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்."

"எவ்வளவு நாள்?"

அவள் வலது கை விரலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினாள். ஐஸ் பெட்டி மட்டி ஒரு தட்டில் தொடாமல் கிடந்து நாறியது. விமலே அதைப் பார்த்தான். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்புகையில் அவள் கூப்பிட்டாள்.

"மல்லி, அந்த மஞ்சள் மீன் இன்னும் உன் கொட்டகையிலதானே இருக்கு?"

"இருக்கு அக்கே. நல்லாத் தேறிடுச்சு. ஏன், பாக்கணுமா?"

"நாளைக்கு வரும்போது கொண்டு வா. காத்து நெறைய அடைச்சு, பத்திரமா உயிரோட கொண்டு வா. செத்தத அவர் இப்பல்லாம் தொடறதில்ல."